மேல் மூலையில் ஒரு துளை

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பெயர் ஓட்டையக்கா. வேலை அப்படி. பெப்டைடு என்கிற புரதத் துணுக்கைக் கொழுப்புச் சவ்வின் மேல் விட்டால் அது சவ்வைத் துளைக்கும். மைக்ராஸ்கோப் படத்தில் துளைகள் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். அவற்றை ஒவ்வொன்றாக வட்டமிட்டு எண்ணுவதுதான் அவளுடைய பதினோரு வருட உத்தியோகம். "எல்லாருக்கும் ஓட்டையை அடைக்கத்தான் சம்பளம், உனக்கு மட்டும் எண்ணுறதுக்கு" என்று வீட்டுக்காரர் கிண்டலடிப்பார். அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

அதற்கும் வேட்டு வைக்க ஒரு மென்பொருள் வந்தது. அவள் வட்டமிட்ட படங்களைக் கொடுத்தே அதைப் பழக்கியிருந்தார்கள். அது தேறிவிட்டால் மாதக் கடைசியோடு அவளுடைய ஒப்பந்தம் முடிந்தது. தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டோமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

கடைசிச் சோதனைக்குப் பெப்டைடே விடாத வெறும் சவ்வு. விடை பூஜ்யமாக இருக்க வேண்டும். மென்பொருள் 'ஒன்று' என்றது.

பேராசிரியருக்கு ஒரே சிரிப்பு. "பாத்தீங்களாம்மா? இல்லாத ஓட்டையக் கண்டுபிடிக்குது! உங்க கண்ணுக்கு ஈடாகுமா? ஒப்பந்தத்த நீட்டிடுறேன்."

அவளுக்கு உச்சி குளிர்ந்தது. சும்மா இருந்திருக்கலாம். ஆனால் மேல் மூலையில் இருந்த அந்தப் புள்ளி எங்கேயோ பார்த்த முகமாகப் பட்டது. பழைய படங்களைத் திறந்தாள். பெப்டைடு விட்ட எல்லாவற்றிலும் அதே மூலை, அதே புள்ளி, அதைச் சுற்றி அவள் போட்ட அழகான வட்டம். ஒப்பிட்டுப் பார்க்க எடுத்த வெறும் சவ்வின் படங்களிலும் புள்ளி இருந்தது, வட்டம்தான் இல்லை. அதில் என்ன இருந்துவிடப் போகிறது என்று பார்க்காமலேயே பூஜ்யம் எழுதுவது அவள் வழக்கம். கேமராவின் கண்ணாடியைத் துடைத்து மறுபடி படம் எடுத்தாள். துளை போயே போய்விட்டது.

வாயை மூடிக்கொண்டால் வேலை உண்டு. அரைமணி நேரம் மூடித்தான் பார்த்தாள்.

"சார், மெஷின் மேல தப்பில்ல. அது தூசி. பதினோரு வருஷமா நான்தான் அத ஓட்டைன்னு எண்ணியிருக்கேன். அது என்னப் பாத்துக் கத்துக்கிச்சு."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. அந்த எண்களை நம்பி அவர் எழுதிய கட்டுரைகள் ஒன்பது. "எல்லாத்தயும் முதல்லேர்ந்து எண்ணணும்" என்றார் கடைசியில். "நீங்களே எண்ணுங்க."

"என்ன நம்பலாமா சார்?"

"நம்ப முடியாதுதான். ஆனா அந்த மெஷின் தானா வந்து சொல்லலையே."

சரியாக எண்ணுகிறாள் என்று நம்பிய காலமெல்லாம் ஒப்பந்தத்தை ஒவ்வொரு வருடமாகத்தான் நீட்டினார்கள். தப்பாக எண்ணியதற்கு இரண்டு வருடம் கிடைத்தது. மறுநாள் காலை வெறும் சவ்வின் படங்களிலிருந்து தொடங்கினாள், இந்த முறை பார்த்து.