ஹபீபா பீவிக்கு வந்த மருந்து

ஹபீபா பீவியை நான் முதன்முதலாகப் பார்த்தபோது அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பெண்கள் வார்டில் எல்லோருக்கும் பொதுவாக வைத்திருந்த மண்பானைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, குவளை குவளையாக மொண்டு குடித்தாள். நான் வந்து நிற்பதைப் பார்த்ததும் வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

"கடலைக் குடுத்தாலும் குடிச்சிருவேன் போல இருக்கு, மிஸ்ஸி."

பினாங்கில் நர்ஸுகளை எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். என் பெயர் ஜூலியானா. சவேரியார் கோயிலுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. 1923 கடைசியில் நான் பெரிய ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. ஹபீபாவுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவள் சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தாள். கறுப்பு வெல்வெட்டில் சொங்கொக் தொப்பி தைப்பாள். அவள் தைத்த தொப்பிக்குக் கடைக்காரர்களிடம் நல்ல பெயர். கணவர் ஷேக் அலாவுதீன் துறைமுகத்தில் சரக்கு சரிபார்க்கும் கிராணி. நிக்காஹ் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

மாமியார் காமாரியாதான் அவளைக் கூட்டிவந்திருந்தார். தாய் வழியில் மலாய்க்காரர் என்பதால் இரண்டு பாஷையையும் கலந்து பேசுவார்.

"கல்யாணத்தப்போ நீ பாத்திருக்கணும் மிஸ்ஸி. கெமுக் லா! கன்னம் ரெண்டும் பொம்முனு இருக்கும். இப்போ பாரு, மணிக்கட்டுல நின்ன வளையல் முழங்கை வரைக்கும் ஏறுது. வயிறு நிறையத்தான் சாப்பிடுறா. சாப்பிட்டது எங்கே போகுது?"

எங்கே போகிறது என்பதை டாக்டர் சந்திரசேகரன் கண்டுபிடித்தார். சிங்கப்பூரில் படித்துவிட்டு வந்த இளம் டாக்டர் அவர். ஹபீபாவின் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, நீல நிறத் திராவகம் ஒன்றைக் கலந்து, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். கொதிக்கக் கொதிக்க நீலம் மறைந்து, கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது.

"இனிப்புநீர்" என்றார். வயதானவர்களுக்கு வந்தால் இழுத்துக்கொண்டு கிடப்பார்கள். இந்த வயதில் வந்தால் என்ன ஆகும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அந்த நாளில் அந்த வியாதிக்கு வைத்தியம் பட்டினிதான். சோறு கிடையாது, ரொட்டி கிடையாது, பழம் கிடையாது. முட்டைக்கோஸை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டி, மறுபடியும் வேகவைத்துக் கொட்டி, மூன்றாம் முறையும் அப்படியே செய்து, மாவுச்சத்தெல்லாம் போன சக்கையைக் கொடுப்போம். ஹபீபா அதை விரலால் எடுத்துப் பார்ப்பாள்.

"இது கோஸா, தொப்பிக்கு உள்ளே வைக்கிற பஞ்சா?"

பகடி செய்தபடியே சாப்பிட்டுவிடுவாள். சர்க்கரை குறையும், கூடவே அவளும் குறைவாள். சில வாரங்களில் அவளைக் கட்டிலில் திருப்பிப் படுக்கவைக்க ஒரு கையே போதும் என்றாகிவிட்டது. அலாவுதீன் வேலை முடிந்ததும் வருவார். வராந்தாவில் உட்கார்ந்து, உள்ளே அவள் பேச்சுச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருப்பார்.

ஒரு காலை டாக்டர் சந்திரசேகரன் வைத்தியப் பத்திரிகை ஒன்றைக் கையில் பிடித்தபடி, படித்துக்கொண்டே வார்டுக்குள் வந்தார். தூணில் இடித்துக்கொள்ளாதது அதிசயம்.

"ஜூலியானா, கனடாவுல ஒரு மருந்து கண்டுபிடிச்சிருக்காங்க. மிருகத்தோட கணையத்துல இருந்து எடுக்கிறாங்க. சாகக் கிடந்த பிள்ளைங்க எழுந்து நடக்குதாம். இப்போ சீமையிலயும் செய்ய ஆரம்பிச்சுட்டாங்க."

"நமக்குக் கிடைக்குமா டாக்டர்?"

"கேட்டாத்தானே தெரியும்?"

பெரிய டாக்டரிடம் போய்க் கேட்டார். அவரும் உடனே லண்டனுக்குத் தந்தி கொடுக்கச் சொன்னார். கப்பல் வருவதற்குள் ஹபீபாவைக் காப்பாற்றி வைப்பதுதான் எங்கள் வேலையாக இருந்தது. அவள் மூச்சில், முடிவு நெருங்குவதற்கு அடையாளமான அழுகிய பழ வாசனை வர ஆரம்பித்துவிட்டது. தினமும் வார்டுக்குள் நுழையும்போது முதலில் அவள் கட்டிலைத்தான் பார்ப்பேன்.

மருந்து வந்தது. கட்டைவிரல் அளவுக் குப்பிகள், உள்ளே தண்ணீரைப் போல ஒன்று. இதற்கா இவ்வளவு காத்திருந்தோம் என்று இருந்தது. நான் ஊசியைக் கொதிக்கவைத்து எடுத்துவந்தேன். ஹபீபா கையை நீட்டிவிட்டு, எதையோ நினைத்துக்கொண்டவள் போலக் கேட்டாள்.

"மிருகத்துல இருந்து எடுத்ததுன்னு சொன்னீங்களே டாக்டர் ஐயா, எந்த மிருகம்?"

டாக்டர் சற்றுத் தயங்கினார். "மாடா இருக்கலாம். பன்னியாவும் இருக்கலாம். பெட்டியில எழுதலை. தெரியாம மாடுதான்னு உங்கிட்ட சொல்ல மாட்டேன்."

ஹபீபா நீட்டிய கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வேணாம்."

காமாரியா கெஞ்சினார், திட்டினார், அழுதார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அலாவுதீன் வெளியே ஓடினார். திரும்பி வந்தபோது பள்ளிவாசல் ஆலிம்சாவைக் கையோடு கூட்டிவந்திருந்தார். நாங்கள் கட்டிலைச் சுற்றித் திரை வைத்தோம். ஆலிம்சா திரைக்கு வெளியே நின்றார். அவர் முதலில் பேசியது ஹபீபாவிடம் இல்லை, டாக்டரிடம்.

"இதுக்கு வேற மருந்து உண்டா?"

"கிடையாதுங்க."

"இதைப் போடலைன்னா?"

டாக்டர் குரலைத் தணித்துக்கொண்டார். "ரொம்ப நாள் தாங்காது."

ஆலிம்சா திரையின் பக்கம் திரும்பினார். "காதுல விழுந்துச்சாம்மா? உசுரைக் காப்பாத்திக்கிறதும் கடமைதான். வேற வழியே இல்லாத இடத்துல அல்லாஹ் நம்ம கையைக் கட்டிப்போடல. பிஸ்மி சொல்லிக் கையை நீட்டு."

உள்ளேயிருந்து மெல்லிய குரல் கேட்டது.

"என் மனசு ஒப்பலையே, ஆலிம்சா."

"ஒப்ப வேணாம்மா. ஒப்பாமலே போட்டுக்க. ஒப்பாதவங்களுக்காகத்தானே இந்தச் சலுகையே."

போர்வைக்குள்ளிருந்து கை வெளியே வந்தது. எலும்பும் தோலுமான அந்தக் கையில் ஊசி குத்துவதற்குச் சதையைத் தேடவேண்டியிருந்தது. அவள் உதடு அசைந்தது. நானும் எனக்குத் தெரிந்த ஜெபத்தை மனதுக்குள் சொல்லிக்கொண்டு போட்டேன்.

அதன்பிறகு நடந்ததை அந்த வார்டில் இருந்தவர்கள் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். மறுநாள் குழாயில் செங்கல் நிறம் ஆரஞ்சாக வந்தது. பிறகு மஞ்சள், பிறகு பச்சை. ஒரு காலையில் எவ்வளவு கொதிக்கவைத்தும் நீலம் நீலமாகவே நின்றது. நான் குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வார்டுக்குள் ஓடினேன். நர்ஸ் ஓடக்கூடாது என்பது விதி. காமாரியாவுக்கு அந்த நீலம் என்னவென்று விளங்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ்!" என்று என்னை இறுகக் கட்டிக்கொண்டார். அன்று ஹபீபாவுக்கு அளந்து ஒரு பிடி சோறும் மீன் குழம்பும் கொடுத்தோம். அவள் ஒவ்வொரு பருக்கையாகச் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்தபிறகுதான் அழுதாள்.

வீட்டுக்குப் போகும்போது மருந்தும் கூடவே போனது. காலையிலும் மாலையிலும் சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி. அவளே போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுக்க நான் போனேன். அவளுக்குக் கற்றுக்கொடுக்க அதிகம் இருக்கவில்லை. "தொப்பி தைக்கிறவளுக்கு ஊசி புதுசா மிஸ்ஸி?" என்று கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். ஊசிமுனை மழுங்கினால் அலாவுதீன் எண்ணெய்க் கல்லில் தீட்டிக் கொடுப்பார். குப்பிகளை ஐஸ் போட்ட மண்ஜாடியில் ஒரு மூலையில் வைத்திருந்தார்கள். அந்த மூலைப் பக்கம் யாரும் சத்தமாகக்கூடப் பேசுவதில்லை.

பாடம் முடிந்தும் நான் போவதை நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில்தான் அவள் வீடு.

ஒருநாள் அவள் இந்த மருந்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டாள். டாக்டர் எனக்குச் சொன்னதைச் சொன்னேன். முதலில் நாய்களுக்குத்தான் போட்டுப் பார்த்தார்களாம். கணையத்தை எடுத்துவிட்ட நாய்களுக்கு இதே வியாதி வந்ததாம், மருந்து போட்டதும் எழுந்து வாலாட்டினவாம்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, எல்லாம் செத்துப்போச்சு."

அடுத்த வாரம் நான் போனபோது, சந்தின் கோடியில் தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் இருந்தது. தெரு நாய் ஒன்று நக்கிக் குடித்துக்கொண்டிருந்தது. காமாரியாவுக்கு அது பொறுக்கவில்லை.

"நாய்க்குப் போயி யாராவது தண்ணி வைப்பாங்களா? அக்கம்பக்கத்துல என்ன சொல்லுவாங்க?"

"தாகம்னா என்னன்னு எனக்குத் தெரியும் மாமி. வீட்டுக்குள்ளயா விடுறேன்? தெருக்கோடியில தானே."

நோன்பு மாதம் வந்தபோது அவளுக்குப் பெரிய மனக்குறை. பட்டினி கிடந்தால் மருந்தே ஆளைச் சாய்த்துவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எல்லோரும் நோன்பிருக்க, தான் மட்டும் நடுப்பகலில் அடுப்படியில் ஒளிந்து சாப்பிடுவது அவளுக்கு என்னவோபோல் இருந்தது. அதனால் தினமும் ஒரு ஏழைக்குச் சாப்பாடு கொடுத்தாள். பள்ளிவாசல் கஞ்சிக்கு இஞ்சியும் பூண்டும் உரித்துக் கொடுத்தாள். "நான் பட்டினி கிடந்ததெல்லாம் முன்கூட்டியே கணக்குல சேர்ந்திருக்கும்" என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

1926-இல் ஒரு பெரிய சோதனை வந்தது. சீமையிலிருந்து மருந்து வரவேண்டிய கப்பல் பினாங்குக்கு வந்துவிட்டது, ஆனால் கரைக்கு வரவில்லை. கப்பலில் அம்மை கண்டிருந்தது. மஞ்சள் கொடி ஏற்றி ஜெரெஜாக் தீவுப் பக்கம் நிறுத்திவிட்டார்கள். பயணிகளைத் தீவில் இறக்கினார்கள். சரக்கு எதையும் இறக்கக்கூடாது என்று உத்தரவு. ஹபீபாவின் ஜாடியில் கடைசிக் குப்பியில் அடிமட்டத்துக்குப் போய்விட்டது மருந்து. ஆஸ்பத்திரியிலும் இருப்பு இல்லை.

ஹபீபா மறுபடியும் கோஸ் சக்கைக்குத் திரும்பினாள். மருந்தைப் பாதியாக்கி, அந்தப் பாதியையும் குறைத்துப் போட்டுக்கொண்டாள். "பழகின பஞ்சுதானே" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்கமுடியவில்லை.

துறைமுகத்தில் வேலை பார்ப்பதால் கப்பலின் எந்த அறையில் எந்தச் சரக்கு இருக்கிறது என்பது அலாவுதீனுக்குத் தெரியும். டாக்டர் சந்திரசேகரனைக் கூட்டிக்கொண்டு துறைமுக சுகாதார டாக்டரிடம் போனார். அவர் வெள்ளைக்காரர், விதி விஷயத்தில் கறாரானவர் என்று பெயர். முதலில் முடியாது என்றார். அலாவுதீன் அன்றுவரை எந்தத் துரையிடமும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. அன்று பேசினார்.

"கப்பலைக் கரைக்குக் கொண்டுவரச் சொல்லலை தொரை. ஒரு சின்னப் பெட்டி. அதை நீங்க கொதிதண்ணியில கழுவுங்க, மருந்துத் தண்ணியில கழுவுங்க. என்னையும் அந்தத் தீவுலயே பிடிச்சு வச்சிக்கோங்க. பெட்டி மட்டும் வீட்டுக்குப் போயிட்டாப் போதும்."

துரை சந்திரசேகரனைப் பார்த்தார். அவர் ஹபீபாவின் வியாதியை எடுத்துச் சொன்னார். துரை தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தார். சுகாதாரப் படகில் தாமே போய், குப்பிகளைச் சுற்றியிருந்த அட்டையையும் வைக்கோலையும் கப்பலிலேயே எரிக்கச் சொல்லி, குப்பிகளைக் கார்பாலிக் தண்ணீரில் துடைத்துப் புதுத் தகரப் பெட்டியில் கொண்டுவந்து கொடுத்தார். விதியை மீறவும் இல்லை, எங்களைக் கைவிடவும் இல்லை.

பெட்டி வீட்டுக்கு வந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். ஊசி போட்டுக்கொண்ட பிறகு ஹபீபா கைகளை ஏந்தி வெகுநேரம் துஆ செய்தாள். யாருக்காக என்று கேட்டேன்.

"அந்த தொரைக்கு. படகுக்காரனுக்கு. கனடாவுல இருக்கிற டாக்டருங்களுக்கு. இந்தக் குப்பியைக் கழுவி மூடி போட்ட ஆளுக்கு. பேர் தெரிஞ்சவங்களுக்கு நேர்லயே சொல்லிரலாம் மிஸ்ஸி. தெரியாதவங்களுக்கு வேற எப்படிச் சொல்றது?"

நான்கு வருடம் கழித்து அவள் கர்ப்பமானாள். எங்கள் யாருக்கும் சந்தோஷப்படத் தைரியம் வரவில்லை. இந்த வியாதியோடு பிள்ளை பெற்றவர்களை நாங்கள் பார்த்ததில்லை. டாக்டர் சந்திரசேகரன் அப்போது தைப்பிங்குக்கு மாற்றலாகிப் போயிருந்தார். விஷயம் தெரிந்து ரயிலேறி வந்து, புது டாக்டரோடு உட்கார்ந்து எப்படிப் பார்க்கவேண்டும் என்று பேசிவிட்டுப் போனார். கடைசி மாதங்களில் ஹபீபா என் வார்டில்தான் கிடந்தாள். மருந்தின் அளவு நாளுக்கு நாள் மாறியது. இரண்டு தடவை சர்க்கரை இறங்கி நினைவு தடுமாறியது. கருப்பட்டித் தண்ணீரைக் கரண்டியால் ஊட்டி மீட்டோம்.

பெண் குழந்தை பிறந்தது. கொழுகொழுவென்று, ஆஸ்பத்திரித் தராசே திகைக்கும்படியான எடை. முதலில் அழவில்லை. நான் உள்ளங்காலைத் தட்டினேன், முதுகைத் தேய்த்தேன். பிறகு அது அழுத அழுகையில் வராந்தாவிலிருந்த அலாவுதீன் எழுந்து நின்றுவிட்டாராம். காமாரியா பேத்தியைக் கையில் வாங்கி, "கெமுக் லா!" என்று கன்னத்தில் கன்னம் வைத்துக்கொண்டார். ரொஸ்னா என்று பெயர் வைத்தார்கள்.

இதை எழுதுகிற 1937-இல் ரொஸ்னாவுக்கு ஆறு வயது. ஹபீபாவுக்குக் கண்பார்வை கொஞ்சம் மங்கியிருக்கிறது. வெல்வெட் தைப்பதைக் குறைத்துக்கொண்டு, தைக்கும் பெண்கள் நான்கைந்து பேரை வைத்து வேலை வாங்குகிறாள். வாரத்தில் ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு வருகிறாள். புதிதாக இந்த வியாதி கண்டவர்கள் யாராவது வார்டில் இருந்தால் பக்கத்தில் போய் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துத் தன் கையைக் காட்டுவாள். பதின்மூன்று வருட ஊசித் தழும்பு அதில் இருக்கிறது. பார்ப்பவர்களுக்குப் பயம் போய்விடும்.

போன வாரம் ரொஸ்னாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப்போனேன். வகுப்பு வாசலில் குழந்தை அம்மாவின் கையை உதறிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டது. ஹபீபாவுக்கு அதில் சின்ன வருத்தம். "ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறாளா பாரு" என்றாள். பள்ளிக்கூடம் விடும்வரை நாங்கள் இருவரும் எதிரிலிருந்த மரத்தடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம்.