அட்ஜஸ்ட் பண்ணிக்கோ

மேஸ்திரி, நீங்கள் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு உப்புப் பாத்தியில் இறங்கி, "பாரு, கரண்டும் இல்ல ஒண்ணும் இல்ல" என்று காட்டினீர்கள். வெறுங்காலோடு நின்ற எங்களை அப்படித்தான் ஏமாற்றினீர்கள். அதற்குப் பிறகு சொன்னது ஒரே வார்த்தை. அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க.

அந்த வார்த்தை எனக்குப் புதிதில்லை. பத்தாவது வரை படித்தேன். மனப்பாடம் செய்த இங்கிலீஷ் எல்லாம் மறந்துவிட்டது. இது மட்டும் யாரும் சொல்லித்தராமலே வந்து ஒட்டிக்கொண்டது. பாண்டிச்சேரி பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் சீட்டுக்கு நான்காவதாக ஒருத்தி வந்து, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணும்மா" என்பாள். நகர்ந்துகொள்வேன். ஜாக்கெட் இறுக்குகிறது என்று டைலரிடம் போனால், "ரெண்டு வாட்டி போட்டா அட்ஜஸ்ட் ஆயிடும்" என்பார். ஜாக்கெட் அட்ஜஸ்ட் ஆகாது, நான்தான் மூச்சை அடக்கிக்கொள்வேன். கல்யாணமான புதிதில் அழுதுகொண்டே போன் செய்தேன். அம்மாவும் இதையேதான் சொன்னாள்.

தமிழில் இதற்குச் சொல் இல்லாமல் இல்லை. பொறுத்துக்கோ, விட்டுக்கொடு, ஒத்துப்போ, சமாளி. ஆனால் பொறுத்துக்கோ என்று ஒருவர் சொன்னால், நமக்கு வலிக்கிறது என்பதையாவது ஒப்புக்கொள்கிறார். விட்டுக்கொடு என்றால் நம் கையிலிருந்து ஏதோ போகிறது என்று அவருக்குத் தெரியும். அட்ஜஸ்ட் என்றால் யாருக்கும் எதுவும் ஆகாத மாதிரி இருக்கும். சிரித்துக்கொண்டே சொல்லலாம். நீங்கள் சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள்.

உப்பளத்தில் வேலை செய்யாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பாதம் வெடித்துக் கிடக்கும். அந்த வெடிப்பில் உவர்நீர் பட்டால் எரியும், சுருக்சுருக்கென்று குத்தும். புதிதாக வருகிறவள் ஐயோ என்று குதித்தால் எல்லோரும் சிரிப்போம். "பத்து நாள்ல பழகிடும், போ" என்போம். எங்களையும் அப்படிச் சொல்லித்தான் பழக்கினார்கள். கால் குத்துகிறது என்று எங்கள் பாத்தியில் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. சொன்னால் கேலிதான்.

என் வீட்டுக்காரரின் தங்கச்சி என்னோடு உப்புச் சுமக்கிறவள். போன வருஷம் ஒரு காலையில் உவர்நீர் இறைக்கிற மோட்டாருக்குப் பக்கத்துப் பாத்தியில் இறங்கியவள் சட்டென்று வரப்பில் ஏறினாள்.

"அண்ணி, இன்னிக்கு வேற மாதிரி குத்துது. முட்டி வரைக்கும் ஏறுது."

"மகாராணிக்குப் பாதம் மெத்துனு இருக்குது போல," என்றாள் பின்னால் வந்தவள்.

நானும் சிரித்தேன். "அட்ஜஸ்ட் பண்ணிக்கோடி, வெயில் ஏறதுக்குள்ள தூக்கிடலாம்" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். அதை மறைக்கப் போவதில்லை.

நானும் இறங்கினேன். குத்தியது. உப்புத்தான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய் மோட்டார் நின்றது. அதே நொடியில் என் காலில் குத்தல் நின்றது. தண்ணீர் அதே தண்ணீர், உப்பு அதே உப்பு. நான் அப்படியே நின்றேன். உப்புக்குக் கரண்ட் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. கரண்ட் திரும்ப வருவதற்குள் எல்லோரையும் கத்தி மேலே ஏற்றினேன்.

உங்களிடம் வந்து சொன்னோம். அப்போதுதான் பூட்ஸோடு இறங்கிக் காட்டினீர்கள்.

"மோட்டார் கழட்டுனா ரெண்டு நாள் வேல நிக்கும்மா. லைட்டாதான் அடிக்குது. அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

லைட்டாக அடிக்கிறது என்று உங்கள் வாயாலேயே சொன்னீர்கள். நாங்கள் இறங்கினோம். அதுதான் எங்கள் முட்டாள்தனம்.

மூன்றாம் நாள் அவள் கை கழுவக் குனிந்து, மோட்டாரின் இரும்புக் குழாயைப் பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை. கத்தவும் இல்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. நான் நாலடி தூரத்தில் வரப்பில் நின்றேன். இறங்கவில்லை. கால் வரவில்லை. உப்பு வாருகிற ஆள் ஒருவர் ஓடிவந்து வாருபலகையின் நீள மரக்கொம்பால் அவள் கையை அடித்து விலக்கினார். அவர் மட்டும் இல்லையென்றால் இன்று அவள் இல்லை.

ஆஸ்பத்திரிக்கு நீங்களும் வந்தீர்கள். "வெயில்ல மயக்கம் போட்டு விழுந்துட்டுது" என்று டாக்டரிடம் சொன்னீர்கள். வெந்த விரலை நான் தூக்கிக் காட்டினேன். வெளியே கூப்பிட்டு, "ஏம்மா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் பேசக் கூடாதா?" என்றீர்கள்.

அவள் வலது கையில் மூன்று விரல் இன்னும் நிமிரவில்லை. எனக்கு அடிபடவில்லை. ஆனால் வீட்டில் குளிக்க வாளியைத் தொடும் முன் புறங்கையால் தண்ணீரைத் தொட்டுப் பார்க்கிறேன். மழையில் நனைந்த கம்பிவேலியைக் கண்டால் சுற்றிப் போகிறேன். காலில் முள் குத்தினால்கூட ஒரு நொடி மூச்சு நிற்கிறது.

மழை முடிந்துவிட்டது. பாத்தித் தரையை மிதித்து இறுக்கும் வேலை தொடங்கிவிட்டது. நேற்று போய்ப் பார்த்தேன். அதே மோட்டார், அதே குழாய். ஒயரில் மட்டும் புதிதாகக் கறுப்பு டேப் சுற்றியிருக்கிறது. திங்கட்கிழமை அவளும் வேலைக்கு வருகிறாளாம். வேண்டாம் என்றேன்.

"தல நல்லாத்தானே இருக்குது அண்ணி. கூடை தலையிலதான ஏறுது," என்று சிரித்தாள். பிறகு, "நீ பக்கத்துலயே நில்லு, இன்னா?" என்றாள்.

பக்கத்தில்தான் நின்றேன், போன வருஷமும்.

அதனால் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கிராம சபை கூடுகிறது. அங்கே வாருங்கள். தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டாம், வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டாம். மைக்கைப் பிடித்து எல்லோர் முன்னாலும் பதில் சொல்லுங்கள். மோட்டாரில் கரண்ட் கசிவது உங்களுக்கு எப்போது தெரியும்? இன்னும் ஏன் மாற்றவில்லை? திங்கட்கிழமை அவள் கால் வைக்கப்போகும் பாத்தியில், மோட்டார் ஓடும்போது நீங்கள் முதலில் வெறுங்காலோடு இறங்குவீர்களா, மாட்டீர்களா? அட்ஜஸ்ட் என்ற வார்த்தை இல்லாமல் சொல்லுங்கள்.