கடைசி இருபத்தெட்டுப் பக்கங்கள்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு உயரம் என்றால் பயம். இருபத்தாறு வருடமாக அடுக்குமாடிகளின் உச்சியில், மோட்டார் அறையில், கை கிரீஸோடு அந்தப் பயத்தையும் துடைத்துக்கொண்டு வேலை பார்த்தார். விண்வெளி நாவல் என்றால் மட்டும் எத்தனை ஒளியாண்டு தூரமானாலும் யோசிக்காமல் கிளம்பிவிடுவார்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, பல் டாக்டரம்மாவின் கிளினிக்கில், நோயாளிகள் போனபிறகு, அறிவியல் புனைகதைப் பித்துப் பிடித்த ஆறு பேர் கூடுவார்கள். ஒருவர் ஒரு நாவலைப் பரிந்துரைப்பார். மற்ற ஐவரும் சண்டை போடுவார்கள். விதி ஒன்றே ஒன்று: கடைசிப் பக்கம்வரை படிக்காத புத்தகத்தைப் பரிந்துரைக்கக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வாயைத் திறக்கக் கூடாது. விதியைக் கொண்டுவந்தவர் மெக்கானிக். அதில் இதுவரை மாட்டிய ஒரே ஆள், தபால் பிரிக்கும் வேலையில் இருக்கும் அவருடைய மச்சான். பின்னட்டையை மட்டும் படித்துவிட்டு ஒப்பேற்றப் பார்த்தார். பிடித்துக்கொடுத்ததும் மெக்கானிக்தான்.

மெக்கானிக்கின் உயிர் ஒரு பழைய நாவலில் இருந்தது. காற்று கூழ்போலக் கெட்டியான ஒரு கிரகம். பள்ளத்தாக்கின் இந்தக் கரையில் பேசினால் அந்தக் கரைக்குக் குரல் போய்ச்சேர ஒரு நாள் ஆகும். கப்பல் உடைந்து ஒதுங்கிய சமையற்காரி, எதிர்க்கரையில் மாட்டிக்கொண்ட கணவனோடு அப்படித்தான் பேசுகிறாள். கடைசியில் அவன் இறந்துபோகிறான். குரல் மட்டும் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. அவள் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொல்கிறாள். மெக்கானிக் கதை சொல்லி இந்த இடத்துக்கு வரும்போது, பல்லைப் பிடுங்கியே பழகிய டாக்டரம்மாகூட மூக்கை உறிஞ்சுவார். புத்தகம் எங்கும் கிடைக்காததால் மற்றவர்கள் அதை அவர் வாய்வழியாகவே படித்திருந்தார்கள்.

ஒரு நாள் டாக்டரம்மாவுக்குப் பழைய புத்தகக் கடையில் ஒரு பிரதி அகப்பட்டது. படித்துவிட்டுப் போன் செய்தார்.

“அண்ணே, இதுல புருஷன் சாகவே இல்லையே. மீட்புக் கப்பல் வருது, ரெண்டு பேரும் ஏறிப் போயிடுறாங்க.”

“அது வேற பதிப்பா இருக்கும்மா.”

“ஒரே பதிப்புதான் வந்திருக்கு. இருநூத்து நாப்பது பக்கம்.” கொஞ்சம் தயங்கினார். “வேணும்னா நான் யார்கிட்டயும் காட்டலைண்ணே.”

மெக்கானிக் பரணிலிருந்து தன் பிரதியை இறக்கினார். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்கு அப்புறம் காய்ந்த பசைதான் இருந்தது. வாங்கியபோதே அப்படித்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அந்தப் பெண்ணை நட்டாற்றில் விட மனமில்லாமல், மதியச் சாப்பாட்டு வேளைகளில் அவரே முடிவைக் கட்டினார். சொல்லிச் சொல்லி, கட்டியவர் யார் என்பதே மறந்துபோயிற்று.

டாக்டரம்மாவின் கருணைதான் அவரைச் சுட்டது. தான் ‘படி’ என்றால் அந்த ஐவரும் ஏனென்று கேட்காமல் படிப்பார்கள். அந்தச் சொல்லுக்கு இனி என்ன மதிப்பு?

சனிக்கிழமை அவரே ஆரம்பித்தார். “அந்த நாவலை நான் முழுசா படிச்சதில்லை. என் பிரதியில கடைசிப் பக்கமெல்லாம் கிழிஞ்சிருந்துச்சு. முடிவு என் சொந்தச் சரக்கு. ஆறு மாசத்தை எழுதிக்குங்க.”

மச்சான் முகத்தில் நூறு வாட் விளக்கு எரிந்து, உடனே மங்கியது. “மாமா, ஆபீஸ்ல பத்துப் பேரை அந்த முடிவைச் சொல்லி அழ வச்சிருக்கேன். அவங்களுக்கு என்ன சொல்றது?”

“பொய்னு சொல்லு.”

“நாவல்னாலே பொய்தான்னு அவங்களுக்குத் தெரியும். இது பொய்யிலயும் பொய்யா இருக்கே.”

டாக்டரம்மா புத்தகத்தை நீட்டினார். மீதி இருபத்தெட்டுப் பக்கத்தையும் மெக்கானிக் அங்கேயே உட்கார்ந்து படித்தார். ஐந்து பேரும் அவரைப் பார்க்காததுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எப்படிண்ணே?”

“நல்லாத்தான் எழுதியிருக்காரு. ஆனா அவ அவ்வளவு சுலபமா கப்பல் ஏறியிருக்க மாட்டா.”

“எழுதினவருக்குத் தெரியாதா அவளை?” என்றார் மச்சான்.

மெக்கானிக் கடைசிப் பக்கத்தை மறுபடி புரட்டினார்.

“சரி, இப்பதான் முடிச்சிட்டீங்களே,” என்றார் டாக்டரம்மா. “தண்டனையெல்லாம் வேண்டாம். முறைப்படி இப்பவே பரிந்துரைங்க.”

மெக்கானிக் வாயைத் திறந்தார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய அந்தப் பாராட்டு வரவில்லை. தகுதி வந்த அன்று தைரியம் போய்விட்டது.

“இல்லம்மா. ஆறு மாசம் இருக்கட்டும். முதல்லேருந்து படிச்சாத்தான் எனக்கே தெரியும்.”

மற்றவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியபோதும் அவர் நாற்காலியை விடாமல், முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தார்.

“ஒன்பதாம் பக்கத்திலயே அவ ஊருக்குப் போகணும்னு முணுமுணுக்கிறா,” என்றார்.

“உங்க பிரதியில அந்தப் பக்கமும் கிழிஞ்சிருந்துச்சா மாமா?” என்றார் மச்சான்.

“இல்லை,” என்றார் மெக்கானிக். “அந்தப் பக்கம் இருந்துச்சு.”