தசரதன் சேர்த்து வைத்த மூச்சு

மண்ணூர் தசரதன் முப்பத்திரண்டு வருஷம் ஸ்ரீபெரும்புதூர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர். முதுகில் நெல் மூட்டையோடு சாய்பலகையில் ஏறி லாரிக்குள் போட்டுவிட்டு, இறங்கும்போது மூச்சு வாங்காமல் விட்ட பேச்சைத் தொடர்வார். மனைவி முனியம்மாளுக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்து, பேச்சும் போனபோது அந்த உடம்புதான் கைகொடுத்தது. மூன்று வருஷம் அவளை வாரியெடுத்துக் குளிப்பாட்டினார், சோறு ஊட்டினார், தலை பின்னிவிட்டார். ஒரே மகள் அம்சவல்லி பென்னலூரில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளைக்கூட ஒத்தாசைக்குக் கூப்பிட்டதில்லை.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஆடி மாதம் அவருக்கு நெஞ்சை அடைத்தது. அப்போது வயது அறுபத்தாறு. காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்துவிட்டு வீடு திரும்பினார். அதுவரை அம்சவல்லி வந்து தாயைப் பார்த்துக்கொண்டாள்.

வந்த மறுநாள் காலை, மகள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரம். முனியம்மாளின் புடவை நனைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, பழைய நினைப்பில் குனிந்து இரண்டு கையாலும் அள்ளித் தூக்கினார். கட்டிலைவிட்டு ஒரு சாண்கூட அவள் உயர்ந்திருக்கமாட்டாள், அதற்குள் அவருக்குக் கண் இருட்டியது. அவளைப் படுக்கையிலேயே நழுவவிட்டுத் தரையில் சரிந்தார். கூப்பிட வாயில்லாத முனியம்மாள் இடக்கையால் டம்ளரை எடுத்துக் கட்டில் சட்டத்தில் தட்டினாள். எதிர்வீட்டு ஆட்கள் ஓடிவரும்வரை விடாமல் தட்டினாள்.

சாயந்திரம் கிராம நர்ஸ் மெர்சி வந்து நாடி பார்த்தாள்.

"அம்மாவ நான் பென்னலூருக்கே இட்டுக்கினு போயிடறேன் நைனா" என்றாள் அம்சவல்லி.

"அவ இங்கதான் இருப்பா."

"யாரு தூக்கறது? நீயா? காலைல தூக்கின லட்சணத்ததான் வந்து பாத்தேனே."

மெர்சி நடுவில் புகுந்தாள். "இனிமே நீங்க தூக்கவே கூடாது பெரியவரே. ஒரு நாளைக்கு உங்க ஒடம்புல இவ்ளோதான் தெம்புன்னு வெச்சுக்குங்க. அத எதுக்கு வெச்சுக்கறதுன்னு நீங்கதான் முடிவு பண்ணணும். உக்காந்து செய்யக்கூடிய வேலய நின்னுகினு செய்யாதீங்க. சாப்ட்ட ஒடனே ஒண்ணும் செய்யாதீங்க. வேல செய்யறப்போ பேச முடியலியா, அப்பிடியே வுட்டுட்டு உக்காந்துடுங்க."

"பொம்பள மாதிரி உக்காந்துகினு வேல செய்யச் சொல்றியா?"

மெர்சி திரும்பிக் கட்டிலைப் பார்த்தாள். முனியம்மாளின் கண்ணீர் கன்னத்தில் வழிந்து காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு தசரதன் வாதாடவில்லை.

மறுவாரம் மருமகன் தணிகாசலம் வந்து ஸ்டவ்வை மேசைமேல் ஏற்றினான். அரிசி, பருப்பு டப்பாக்களைக் குனியாமலும் எக்காமலும் எடுக்கும்படி அடுக்கினான். குளிக்கும் இடத்தில் ஒரு முக்காலி போட்டான். முனியம்மாளைக் குளிப்பாட்ட அம்சவல்லி தினமும் காலை பஸ்ஸில் வந்து போனாள். அதை ஒப்புக்கொள்ள தசரதனுக்குப் பத்து நாள் பிடித்தது. டீக்கடைக்குப் போய்வருவதை விட்டார். செவ்வாய்க்கிழமை கோயிலையும் விட்டார்.

"தலை வாரி வுடறதயும் வுட்டுடுங்க" என்றாள் மறுபடி வந்த மெர்சி. "கையத் தூக்கிப் புடிச்சினு செய்யற வேலதான் நெஞ்சுக்கு ரொம்பப் பாரம்."

"அது மட்டும் கேக்காதம்மா."

மெர்சி முனியம்மாளின் தலையைக் கட்டில் விளிம்புக்கு நகர்த்தினாள். முக்காலியைக் கொண்டுவந்து தலைமாட்டில் போட்டாள். "உக்காருங்க. முழங்கைய மெத்தையில ஊனிக்குங்க. இப்ப வாருங்க."

அப்படித்தான் தினமும் நடந்தது. பத்து மணி வாக்கில், காலைப் பலகாரம் செரித்த பிறகு, ஒரு பக்கம் சிக்கெடுப்பார். கையை மடியில் போட்டுக்கொண்டு மூச்சு நிதானப்படும்வரை உட்கார்ந்திருப்பார். பிறகு மறுபக்கம். முன்பு ஐந்து நிமிஷத்தில் முடித்த பின்னலுக்கு இப்போது அரைமணி ஆயிற்று. அவ்வளவு நேரமும் முனியம்மாள் கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். இத்தனை நாள் அவளை அவசர அவசரமாகவே தொட்டிருக்கிறோம் என்று ஒருநாள் அவருக்குத் தோன்றியது.

கார்த்திகை மழையில் முனியம்மாளுக்குக் காய்ச்சல் கண்டது. நான்காம் நாள் விடியலில் அடங்கிவிட்டாள்.

"மாமா, கொள்ளி நான் வெச்சுடறேன். நீங்க வூட்லயே இருங்க" என்றான் தணிகாசலம்.

"நான் வரேன். அதுவரிக்கும் உக்கார ஒரு நாற்காலி மட்டும் போடு."

அன்று காலை முழுக்க அந்த நாற்காலியை விட்டு அவர் எழவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் நீட்டிய கைகளை உட்கார்ந்தபடியே தொட்டு அனுப்பினார். வாய்விட்டு அழவுமில்லை. "பொண்டாட்டி பொணமா கெடக்குறா, இவன் இன்னாடான்னா ராஜா கணக்கா உக்காந்துகினு கீறான்" என்று ஒரு பங்காளி முணுமுணுத்தார். அப்பா எதற்காகத் தெம்பைக் கட்டிக்காக்கிறார் என்று அம்சவல்லிக்குப் புரிந்தது. அவரை எழுப்பப் போனவர்களைத் தடுத்து அனுப்பினாள்.

ஏரிக்கரைச் சுடுகாட்டுக்குப் போகும் வழியில் அவர் மூன்று இடத்தில் நின்றார். பாடை தூக்கியவர்களும் நின்றார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

"பானைல பாதி தண்ணி ஊத்துனா போதும்" என்றார் வெட்டியானிடம். பானையைத் தோளில் வைத்துக்கொண்டு சிதையை ஒரு சுற்று வந்தார். பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தார். மருமகன் பானையை வாங்கி வைத்திருந்தான். மூச்சு நிதானப்பட்டதும் எழுந்து இரண்டாவது சுற்று. மறுபடியும் உட்கார்ந்தார்.

"மொள்ள வா பெரியவரே. இன்னா அவசரம் இப்ப" என்றான் வெட்டியான்.

மூன்றாவது சுற்று முடிந்து பானையைப் பின்னால் போட்டு உடைத்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு கொள்ளி வைத்தார்.

திரும்பிப் பார்க்காமல் நடக்கவேண்டும் என்றார்கள். நடந்தார். ஏரி மதகு வந்ததும் அதன்மேல் உட்கார்ந்தார். அங்கேதான் தோள் குலுங்க, மூச்சு இரைக்க, சத்தம் போட்டு அழுதார். தணிகாசலம் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகில் கையை வைத்திருந்தான். அழுது ஓய வெகுநேரமாயிற்று. பிறகு இருவரும் ஊரைப் பார்த்து மெல்ல நடந்தார்கள்.