கள்ளுத் தவறணை விஷயமாக

எங்கள் குடும்பத்தில் யாரும் குடிப்பதில்லை. இதை நான் பெருமையாகச் சொல்வேன், கேட்காதவர்களிடமும் சொல்வேன். டெக்சஸில், பேர்லேண்டில் வீடு வாங்கி வந்த நாளிலிருந்து எத்தனையோ விருந்துகளில், கோக் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு, "எங்க தாத்தா யுத்த காலத்துல கள்ளுக்கடை மறியல் பண்ணவர், தெரியுமா?" என்று ஆரம்பித்திருக்கிறேன். என் கணவர் சரியாக அந்த நேரம் பார்த்து கிரில் பக்கம் நகர்ந்துவிடுவார்.

என்னிடம் ஆதாரம் இருந்தது. ஒரு தபால் அட்டை. அப்பாவின் அப்பா, இரண்டாம் உலகப் போர் நடந்த காலத்தில் தூத்துக்குடியிலிருந்து யாழ்ப்பாணம் போய் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். கடை முதலாளி அந்த ஊர்க்காரர். அவர் தாத்தாவின் தகப்பனாருக்கு எழுதிய அட்டை அது. விஷயம் இரண்டே வரி. "கள்ளுத் தவறணை விஷயமாகத் தங்கள் மகன் ஒரு மாதம் மறியலில் இருக்கிறார். யோசிக்க வேண்டாம், சாப்பாட்டுக்குக் குறைவில்லை." ஓரத்தில் போர்க்காலத் தணிக்கை முத்திரை.

மறியல் என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். கள்ளுக்கடை வாசலில் நின்று, உள்ளே போகிறவனைக் கும்பிட்டுத் தடுப்பது. அந்தத் தலைமுறையில் அதைச் செய்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள். 'தவறணை' மட்டும்தான் யாருக்கும் புரியவில்லை. அதற்கு அப்பா ஒரு பொருள் கண்டுபிடித்தார். தவறை அணைப்பது தவறணை, ஆகவே அது மதுவிலக்குச் சங்கத்தின் பெயர். முத்திரையைத் தொட்டுக் காட்டி, "சும்மாவா வெள்ளைக்காரன் சென்சார் பண்ணுவான்?" என்பார். போர்க்காலத்தில் கடல் தாண்டி வந்த எந்த அட்டைக்கும் அந்த முத்திரை விழுந்திருக்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்பாவுக்கு நாலு வயது ஆகும்போதே தாத்தா இறந்துவிட்டார். தன் தகப்பனார் என்று அப்பாவிடம் இருந்ததெல்லாம் அந்த அட்டைதான்.

இனி என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நியூ ஜெர்சியில், பார்சிப்பனியில் இருக்கிறான். நாலு வருஷம் முன்னால் தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். அப்போது அப்பாவும் சென்னையிலிருந்து வந்து எங்களோடு இருந்தார். மாலையில் தோசை மாவு எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தால், மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இரண்டு வைன் பாட்டில்கள் சாய்ந்து படுத்திருந்தன.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. தம்பி குடிகாரன் இல்லை. சனிக்கிழமை ஒரு கிளாஸ் குடிக்கிறவன், அவ்வளவுதான். அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும், எல்லோர் முன்னாலும் இரண்டு பாட்டிலையும் திறந்து சிங்க்கில் கவிழ்த்தேன். "மறியல் இருந்தவரோட பேரன்டா நீ. இந்த வீட்டுல இதுக்கு இடம் கிடையாது" என்றேன். தம்பி மனைவி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஹாலில் சோஃபாவில் இருந்த அப்பா, "நல்லா சொல்லு" என்றார். எனக்கு இன்னும் வீரம் வந்தது.

தம்பி ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அப்பாவைப் பார்த்தான். மூடிக்கொண்டான். அன்றைக்கே ஏர்போர்ட் பக்கம் ஹோட்டல் எடுத்துப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சில்லை. பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும், நானும் ஒரு படம் அனுப்புவேன். போன வருஷம் அப்பா தவறிப்போனபோது சென்னையில் ஒரே வீட்டில் பதின்மூன்று நாள் இருந்தோம். "சாஸ்திரிகள் வந்தாச்சா?", "கார் சாவி எங்க?" இதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. திரும்பும்போது அலமாரியிலிருந்து அந்த அட்டையை நான்தான் எடுத்து வந்தேன். தம்பி கேட்கக்கூட இல்லை. அவனுக்கு எதற்கு என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த வருஷம் எட்டாம் வகுப்பில் என் மகளுக்கு ஒரு புராஜெக்ட். அமெரிக்காவில் மதுவிலக்கு கேட்டுப் போராடியவர்களைப் பற்றிப் பாடம் நடந்ததாம். உங்கள் குடும்பத்தில் போர், போராட்டம் என்று ஏதாவது கதை இருந்தால் கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். விடுவேனா? அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை ஸ்கேன் பண்ணிப் பெரிதாக்கி, போஸ்டரில் ஒட்டி, மேலே கொட்டை எழுத்தில் 'என் கொள்ளுத்தாத்தா, மதுவிலக்குப் போராளி' என்று ஆங்கிலத்தில் எழுதினாள். நான் அதை ஃபோனில் படம் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை கோவில் கேன்டீனில் இட்லிக்கு வரிசையில் நின்றபோது, முன்னால் நின்ற ஆன்ட்டியிடம் நீட்டினேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். அவரைவிட யார் இதை ரசிக்க முடியும்?

ஆன்ட்டி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"ஐயோ பிள்ளை, மறியல் எண்டால் எங்கட ஊரில ஜெயில் அல்லோ."

"ஜெயிலா?"

"ஓம். தவறணை எண்டால் கள்ளு விக்கிற இடம். அங்க போய் இருந்து குடிக்கிறது."

"சங்கம் இல்லையா?"

"சங்கமோ? அங்கயும் ஆக்கள் கூடுறவைதான்."

அப்படியானால் தாத்தா என்னதான் செய்தார் என்று கேட்டேன். ஆன்ட்டி சிரிப்பை அடக்கிக்கொண்டு என் கையைப் பிடித்தார்.

"அது எனக்கு எப்பிடித் தெரியும் பிள்ளை? குடிச்சுப்போட்டு ஆரோடயும் அடிபட்டிருப்பார். இல்லாட்டி, குடிக்க வேண்டாம் எண்டு சொல்லப் போய் அடிபட்டிருப்பார். ரெண்டுக்கும் மறியல்தான்."

இட்லியை வாங்கினேனா, காசு கொடுத்தேனா, ஒன்றும் நினைவில்லை. காரில் ஏறி வீட்டுக்குத் திரும்பும் எக்ஸிட்டைத் தவறவிட்டு, இரண்டு எக்ஸிட் தள்ளிப் போய்த் திரும்பி வந்தேன். 'சாப்பாட்டுக்குக் குறைவில்லை' என்ற வரி மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மறியல் செய்கிறவனுக்குச் சாப்பாடு யார் போடுவார்கள்? இத்தனை வருஷத்தில் இந்தச் சின்னக் கேள்வியைக்கூட நான் கேட்டதில்லை.

மகளிடம் சொன்னேன். அவளுக்கு ஒரே குஷி. ஜெயில் என்றால் இன்னும் சுவாரசியமாம்.

"ஸோ, ஹீரோவா இல்லையா?"

"தெரியலடி."

"ஓகே. ஐ வில் ஆட் எ க்வெஸ்சன் மார்க்."

தலைப்புக்குப் பின்னால் மார்க்கரால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுப் போய்விட்டாள். அவளுக்கு அதோடு தீர்ந்தது. எனக்குத் தீரவில்லை. தாத்தா குடித்தாரா என்பதுகூட இப்போது பெரிதாகப் படவில்லை. சிங்க் முன்னால் நின்று தம்பியைப் பார்த்து அன்று நான் பேசிய பேச்சு எதன் மேல் நின்று பேசியது? போராளிக் கதை பொய் என்றால் நான் செய்தது தப்பா? கதை நிஜமாக இருந்திருந்தால் மட்டும் அது சரியாகிவிடுமா? எப்படிப் போட்டுப் பார்த்தாலும் கணக்கு வரவில்லை. எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது. அப்பா இல்லாமல் போனது நல்லது என்று ஒரு நிமிடம் நினைத்து, அதற்காக அழுதேன்.

அன்று மத்தியானமே தம்பியைக் கூப்பிட்டேன். நாலு வருஷத்துக்குப் பிறகு முதல் ஃபோன். "யாருக்கு என்ன ஆச்சு?" என்றுதான் எடுத்தான்.

"யாருக்கும் ஒண்ணும் இல்லடா. தாத்தாவோட அட்டை இருக்குல்ல, அதுல மறியல்னா..."

"ஜெயில்" என்றான்.

அவனே சொன்னான். "என் டீம்ல ஒருத்தன் ஜாஃப்னாக்காரன். லஞ்ச்ல ஒருநாள் சொன்னான். ரொம்ப நாள் முன்னாடியே தெரியும்."

"எப்போ? அந்த தேங்க்ஸ்கிவிங்குக்கு முன்னாடியா?"

"முன்னாடிதான்."

"அப்ப ஏன்டா அன்னிக்குச் சொல்லல? நான் அவ்ளோ பேசினேனே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் வாயை மூடியிருப்பேனே?"

"அப்பா சோஃபால உக்காந்திருந்தாரேக்கா" என்றான்.

தாத்தாவின் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று ஊரைக் கூட்டியது நான். காப்பாற்றியது அவன், வாயை மூடிக்கொண்டு, ஹோட்டல் ரூமில். அப்பா நம்பியிருந்த தகப்பனாரை அவரிடமே விட்டுவைத்தான். அது தெரியாமல் நாலு வருஷம் நான் பொங்கல் படம் அனுப்பிக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது. அவனுக்குக் கேட்கக் கூடாது என்று சிங்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

"பாத்திரம் கழுவறியா?" என்றான்.

"ஆமா" என்றேன். "இந்த வருஷம் தேங்க்ஸ்கிவிங்குக்கு ரெண்டு பேரும் வாங்கடா."

"வரோம். எதுவும் எடுத்துட்டு வரலக்கா, பயப்படாத."

எடுத்து வா என்று சொல்வதா, வேண்டாம் என்று சொல்வதா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. குழாயை மூடினேன்.

"ஃப்ரிட்ஜ்ல இடம் இருக்குடா" என்றேன்.