ரிமார்க்ஸ் கட்டத்தில் ஒரு நம்பர்

முதலிபாளையத்தில் இருக்கும் அந்த பனியன் கம்பெனியில் முந்நூறு பேர் வேலை செய்கிறார்கள். மத்தியானம் மகுடேஸ்வரன் மட்டும் தனியாகச் சாப்பிடுவார். கர்வமெல்லாம் இல்லை. தையல்காரர்களுக்கு அவர் ஆபீஸ்காரர்; ஆபீஸ்காரர்களுக்கு அவர் ஏசி ரூமில் கம்ப்யூட்டர் பொட்டியைக் காவல் காக்கிறவர். வயது நாற்பத்திரண்டு. பெண் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய் வீட்டிலும் விட்டுவிட்டார்கள்.

அவர் வேலை யாருக்கும் விளங்காது. எந்த ஆர்டருக்கு எந்தத் துணி, எந்தச் சாயம் என்ற விவரமெல்லாம் ஒரு டேட்டாபேஸில் இருக்கிறது. அதை சர்வருக்குள் ‘கன்டெய்னர்’ என்ற தனி அறை மாதிரி ஒன்றில் வைத்து ஓட்டுகிறார்.

“உங்க கன்டெய்னர் எப்பங்க தூத்துக்குடி கெளம்புது?” என்று பேக்கிங் ஆட்கள் கிண்டல் செய்வார்கள். சிரித்து வைப்பார்.

கன்டெய்னர் இரண்டு. ஒன்று நிஜம், அதன் தகவல் வெளியே டிஸ்க்கில் பத்திரமாகச் சேரும். மற்றது, புதிதாக வருகிறவர்கள் என்ட்ரி போட்டுப் பழக ஒரு ட்ரையல். பழகத்தானே என்று, நிறுத்தினால் உள்ளே இருப்பதோடு தானே அழிந்துபோகும்படி அதைத் தொடங்கியிருந்தார். அப்படித் தொடங்கியதை மறந்தும் போனார்.

அந்த ட்ரையலில் பழக வந்தவர் சித்ரகலா. வீரபாண்டியிலிருந்து பஸ்ஸில் வருவார். அவரும் தனிக்கட்டைதான். நேரில் இருவருக்கும் பேச்சு வராது. ஒருநாள் என்ட்ரியின் ஓரத்தில் குறிப்பு எழுத இருக்கும் ரிமார்க்ஸ் கட்டத்தில் சித்ரகலா “சாப்டீங்களா?” என்று அடித்து வைத்தார். இவர் அடுத்த வரியில் “ஆச்சுங்க” என்று அடித்தார். வேலை பழகிய பிறகும் அப்படியே ஒரு வருஷம் ஓடியது. மழை, பஸ், தக்காளிச் சோறு, அவ்வளவுதான் விஷயம். ஆனால் மகுடேஸ்வரனிடம் அவ்வளவு பேசியவர்கள் வேறு யாருமில்லை.

போன ஆடியில் சித்ரகலா தாராபுரம் பக்கம் அண்ணன் வீட்டோடு போய்விட்டார். ஒரு போன் நம்பரோடு அவர் அடித்த கடைசி வரி இது: “வேலைய உட்டுட்டேனுங்க. இது புது நம்பர். தோணுனா கூப்புடுங்க.”

இரண்டு மாதமாக அந்த வரியைத் தினமும் திறந்து பார்த்தார். நம்பரைப் போனில் ஏற்றவில்லை. ஏற்றினால் கூப்பிட வேண்டிவருமே என்று பயம். நாற்பத்திரண்டு வயது ஆளுக்கு இப்படியொரு பயம்! ஒருவழியாக, விஜயதசமி நல்ல நாள், அன்றைக்குப் பேசிவிடுவது என்று முடிவு செய்தார்.

முந்தின நாள் ஆயுத பூஜை. எல்லா மிஷினையும் நிறுத்தித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மறுநாள்தான் ஓட்டுவார்கள். போன வருஷம் ஷிப்மென்ட் அவசரம் என்று சொல்லி சர்வரை மட்டும் தப்பவைத்திருந்தார். இந்த முறை முதலாளி ஆத்தப்பன் விடவில்லை.

“ஏனுங்க, அந்தப் பொட்டி மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? அதும் ஒரு நாள் கெடக்கட்டுமுங்க.”

“ஆகட்டுங்க.”

நிஜக் கன்டெய்னரின் தகவல் டிஸ்க்கில் இருக்கிறதா என்று இரண்டு முறை சரிபார்த்தார். கம்பெனிக்கு ஒரு குறையும் வந்துவிடக் கூடாதே! ட்ரையலைப் பற்றி யோசிக்கவே இல்லை. சர்வரை நிறுத்தினார். ஆத்தப்பன் பொட்டு வைத்தார்.

விஜயதசமி காலையில் மகுடேஸ்வரன் சர்வரை ஓட்டினார். நிஜம் அப்படியே வந்தது. ட்ரையலின் பெயர் பட்டியலிலேயே இல்லை. நிறுத்தினால் அழிந்துபோகட்டும் என்று இரண்டு வருஷத்துக்கு முன் தானே கொடுத்த உத்தரவு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆபீஸில் இருந்த சித்ரகலாவின் பழைய நம்பரைக் கூப்பிட்டார். உபயோகத்தில் இல்லை என்றது. புது நம்பரில் முதல் நாலு எண்தான் ஞாபகம் இருந்தது. யாரிடமாவது விசாரிக்கலாம். விசாரித்தால் எதற்கென்று சொல்ல வேண்டும்.

ஆத்தப்பன் பொரி கடலையோடு வந்தார். “எல்லாம் வந்துருச்சுங்களா?”

“வந்துருச்சுங்க.”

“பாத்தீங்களா, ஒரு நாள் கெடந்தா ஒண்ணும் ஆயிராதுங்க.”

மத்தியானம் ட்ரையலைப் புதிதாகத் தொடங்கினார். இந்த முறை தகவல் டிஸ்க்கில் சேரும்படி ஒழுங்காகச் செய்தார். காலியாக இருந்த ரிமார்க்ஸ் கட்டத்தில் “சாப்டீங்களா?” என்று அடித்துவிட்டு, டிபன் பாக்ஸைத் திறக்காமல் அடுத்த வரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.