காலி வீடு பார்ப்பவர்

அலுவலகத்தில் அவரைச் சாவிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவரிடம் சொந்தமாக இருந்த சாவி சைக்கிளுடையது ஒன்றுதான். மற்ற நாற்பத்தொன்றும் அடுத்தவர் வீடுகளுடையவை. வாடகைக்கு ஆள் வராத அடுக்குமாடி வீடுகளைச் சுற்றிப் பார்ப்பது அவர் வேலை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டிலும் குழாயைத் திறந்துவிட வேண்டும், கழிப்பறையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் வடிகுழாயின் வளைவில் நிற்கும் தண்ணீர் வற்றி, சாக்கடை நாற்றம் மேலே ஏறிவிடும். மனிதன் இல்லாத வீட்டிலும் மனிதன் செய்வதையெல்லாம் யாராவது செய்துகொண்டிருக்க வேண்டும் போலும்.

கடைசியில் படிவத்தில் ஒன்று எழுத வேண்டும்: 'காலி' அல்லது 'ஆள் உண்டு'. பூட்டை உடைத்துக் குடியேறுகிறவர்களுக்காக இரண்டாவது. இருபத்திரண்டு ஆண்டுகளில் அதை ஆறு முறை எழுதினார், ஆறும் சரி. ஒருமுறை, தேடிச் சலித்த காவலர்கள் கிளம்பும் நேரத்தில், கையை நீட்டிப் பரணைக் காட்டினார். எப்படித் தெரியும் என்று கேட்டால், "நின்னா தெரிஞ்சிடும்" என்பார். கதவைச் சாத்திவிட்டு நடு அறையில் ஐந்து நிமிடம் அசையாமல் நிற்பார், அவ்வளவுதான். ஆள் மூச்சைப் பிடித்துக்கொண்டாலும் வீடு பிடித்துக்கொள்ளாது என்பது அவர் கட்சி.

இப்படிப்பட்டவருக்குத்தான் தனக்குள் யாராவது இருக்கிறார்களா என்று தெரியவில்லை.

விஷயம் அவர் போகும் கிறிஸ்தவச் சபையில் தொடங்கியது. அவரைச் சபைப் பொறுப்பாளர்களில் ஒருவராக, மூப்பராக்க முடிவு செய்திருந்தார்கள். மூப்பராகிறவர் ஞாயிறு ஆராதனையில் எழுந்து, ஆண்டவர் தனக்குள் வாசமாயிருக்கிறார் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். ஞானஸ்நானம் பெற்ற நாளிலிருந்து அவர் நம்பிவந்ததுதான் அது. மற்றவர்கள் விஷயத்தில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. தன் விஷயத்தில் இரண்டு முறை தவணை கேட்டுவிட்டார்.

"எல்லாரும் சொல்றதுதானே. சொல்லிட்டு உக்காருங்களேன்" என்றார் போதகர்.

"பாக்காம எழுதிப் பழக்கமில்லீங்கய்யா."

வீட்டில் மனைவி இன்னும் சுருக்கமாக முடித்தார். "உங்களுக்குள்ள ஆண்டவர் இருந்தா, சமையல்கட்டு பல்பு மூணு மாசமா எரியாம கிடக்குமா?"

"அவர் என்ன எலக்ட்ரீஷியனா?"

"நீங்க மட்டும் என்னவாம்? ஆள் இருக்கிற வீட்டத் தவிர மத்ததெல்லாம் பாத்துக்கறீங்க."

அந்த வியாழக்கிழமை பிற்பகல் அவர் நான்காவது மாடியில் ஒரு வீட்டைத் திறந்தார். இரண்டு வருடமாகக் காலி. குழாய் முதலில் இருமியது, பிறகு துருத் தண்ணீரைத் துப்பியது. எல்லாவற்றையும் மூடிவிட்டு நடு அறையில் நின்றார். மூன்றாவது நிமிடத்தில் கை மயிர் சிலிர்த்து நின்றது. ஆள் உண்டு. பழக்க தோஷத்தில் உடனே படிவத்திலும் எழுதிவிட்டார்.

பிறகுதான் தேடினார். அலமாரி, பரண், குளியலறைக் கதவின் பின்புறம். எங்கும் இல்லை. தரைத் தூசியில் ஒரே ஒரு ஜோடிச் செருப்பின் தடம், அவருடையது. ஆனால் அவர் சமையலறைக்குப் போனபோது அந்த இருப்பு சமையலறையில் இருந்தது. பால்கனிக்கு வந்தபோது பால்கனியில் இருந்தது. பின்தொடர்ந்து வரவில்லை, பின்தொடர்வதென்றால் கொஞ்சமாவது இடைவெளி வேண்டும்.

வெளியே வந்து கதவைப் பூட்டினார். பூட்டிய கதவில் காதை வைத்துப் பார்த்தார். உள்ளே சுத்தமாகக் காலி, சத்தியம் செய்யலாம். படிக்கட்டில்தான் இருந்தது. கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, "யாரு?" என்று கேட்டார்.

பதில் சொல்லத் தேவையில்லாத அளவுக்கு அருகில் இருந்தது அது.

மறுநாள் மேனேஜர் இரண்டு காவலாளிகளோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "என்னண்ணே, அங்க ஒரு கரப்பான்பூச்சிகூட இல்ல."

"நான் வெளிய வந்தப்புறம் காலிதான் தம்பி."

"அப்ப நீங்க உள்ள இருந்தப்ப?"

"இருந்தாரு."

மேனேஜர் ஒரு வாரம் லீவு போடச் சொன்னார். நிறுவனத்தைப் பொறுத்தவரை அது அவருடைய முதல் பிழை. அவரைப் பொறுத்தவரை ஏழாவது சரி.

லீவு நாட்களில் கண்ணாடி பார்க்காமல் சவரம் செய்துகொண்டார். அடுத்த வீட்டுக்காரரைப் பற்றி வாய்வரை வந்த ஒரு பேச்சைப் பாதியில் விழுங்கினார். "என்னங்க, விருந்தாளி வந்த வீடு மாதிரி நடந்துக்கறீங்க?" என்று மனைவியே கேட்டுவிட்டார்.

ஞாயிறு வந்தது. போதகர் கேட்டார்: "ஆண்டவர் உங்களுக்குள்ள வாசம் பண்றாரா?"

அவர் எழுந்து நின்றார். வழக்கத்தைவிட அதிக நேரம் அசையாமல் நின்றார்.

"பண்றாருங்கய்யா."

"சந்தோஷம்தானே?"

"இன்னும் இல்லீங்க. இத்தனை வருஷமா தனியா இருக்கேன்னு நெனச்சுத்தானே எல்லாத்தையும் செஞ்சிருக்கேன்."

யாராவது சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒருவர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். போதகர் அடுத்த கேள்வியை மறந்து, காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாசம் பண்றாரா என்ற கேள்வியை அதுவரை அவர் பலரிடம் கேட்டிருக்கிறார்; தன்னிடம் எப்போது கேட்டார் என்று யோசிப்பதுபோல இருந்தது முகம்.

சாவிக்காரர் பெஞ்சுக்குத் திரும்பினார். மனைவி நகர்ந்து இடம் விட்டார், ஒருவர் உட்காரத் தேவையானதைவிடக் கொஞ்சம் அதிகமாக.